இருநூற்றுப் பதினேழு

வாட்சோவில் நவம்பர் முடியும் முன்பே
சூரியன் விடுப்பில் போய்விடுகிறது.
நண்பகலில் கடலின் விளிம்பில்
கொஞ்சம் நீலம் கசியும்.
அந்த நீலத்தை வைத்துக்கொண்டு
தோலால் எதையும் சமைக்க முடியாது.

ஆகவே மூன்று குளிர்காலம்
நான் புட்டிகளை நிறுத்து, எண் ஒட்டி, கொடுத்தேன்.
மஞ்சள் முத்துகள், இரண்டு வகை.
ஒன்றனுள் வைட்டமின் டி,
மற்றதனுள் வெறும் ஆலிவ் எண்ணெய்.
விளக்கருகே பிடித்தாலும் நாவில் வைத்தாலும்
ஒன்றுபோலவே இருக்கும்.
எது யாருக்கு என்பது தெற்கே வேறொரு ஊரில்
பூட்டிய அலமாரியில், ஒட்டிய உறைக்குள்.
தெரியாமலிருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
பெயர் கேட்பேன், எண்ணால் எழுதுவேன்.
அஸ்லௌக் மட்டும்
எண்ணுக்குள் அடங்கவில்லை.
முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில் நின்றவள்,
ஸ்கேன் மேசையில் படுத்தபடி சொன்னாள்:
"காட் மீனின் முள்ளை உருவியே வீடு கட்டினேன்.
இப்போது என் முள்ளை நீ எண்ணுகிறாய்.
சரிதான், எண்ணு."

எண்ணினேன்.
இடுப்பு, முதுகுத்தண்டு, தொடை எலும்பின் கழுத்து.
திரையில் சாம்பல் நிறத்தில்
அவளுடைய உள்வீடு.
எலும்பைக் கல் என்றுதான் நினைக்கிறோம்.
அதற்குள் ஓயாமல் ஒரு கூட்டம் இடிக்கிறது,
இன்னொரு கூட்டம் பின்னாலேயே வந்து பூசுகிறது.
வயது ஏற ஏற
பூசுகிறவர்கள் தாமதமாக வருகிறார்கள்.
இதை அவளிடம் சொன்னேன்.
"ஆலையிலும் அப்படித்தான்,
திங்கட்கிழமைகளில்" என்றாள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு:
சோதனை முடியும்வரை மீனெண்ணெய் கூடாது,
மீனின் ஈரல் கூடாது.
கையெழுத்துப் போடும்போது
அதன்மேல் ஒரு விநாடி விரலை வைத்திருந்தாள்.

இரண்டாம் ஜனவரி.
ரத்தம் எடுத்துப் பஞ்சை அழுத்தும்போது
கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"ஈரல் தின்றேன். இரண்டு முறை.
தம்பி படகிலிருந்து கொண்டுவந்தான்.
புது மீன், முட்டை, ஈரல், உருளைக்கிழங்கு.
இந்த மாதத்தில் அதைத் தின்னாதவள்
இங்கே எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?"

படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவும் என் கையில்தான் இருந்தது.
அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

பிறகு உறை பிரிந்தது.
இருநூற்றுப் பதினேழு: ஆலிவ் எண்ணெய்.
அவளுடைய எலும்பு மூன்று வருடத்தில்
கடுகளவும் கரையவில்லை.
நிஜ மருந்து பெற்ற நூற்றுப் பதினான்கு
தபால் நிலையப் படியில் சறுக்கி விழுந்து
இடுப்பு உடைந்து கிடந்தாள்.
இரு குழுக்களுக்கும் இடையே
சொல்லத்தக்க வேறுபாடு இல்லை
என்று அறிக்கை எழுதினார்கள்.
நல்ல அறிக்கை. பொய் எதுவும் இல்லை.
ஒரே ஒரு கட்டம் காலி.

மார்ச்சில், பனி முகம் கழுவத் தொடங்கிய ஒரு நாள்,
ஹால்வார்டுக்கு மின்னஞ்சல் எழுதினேன்.
எண் 217, இரண்டாம் ஜனவரி, ஈரல், இரு முறை,
பதியாதது என் தவறு.
கணக்கர் அவர், கோபப்படவில்லை.
மறுநாள் பதில் வந்தது:
"திருத்திவிட்டேன். மூன்றாம் தசமம் மாறியது.
முடிவு மாறவில்லை.
இனி இப்படிச் செய்யாதே."

மூன்றாம் தசமம்.
ஒரு மனுஷியின் இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கு
அறிவியலில் அவ்வளவு இடம்.
குறைவென்று சொல்ல முடியவில்லை.
எங்கோ அது இருக்கிறது.

உறையின் சேதியை
அஸ்லௌக்கிடம் சொல்லப் போனேன்.
சிரித்துச் சிரித்து இருமல் வந்தது அவளுக்கு.
"மூன்று வருடமாக முழங்கால் தேறிவிட்டது என்று
தெருவெல்லாம் சொல்லிவைத்தேனே!"
பிறகு சிரிப்பை நிறுத்தி,
மீந்த புட்டியை எடுத்து வந்து
ஒவ்வொரு முத்தாக ஊசியால் குத்தி
வாணலியில் பிழிந்தாள்.
வெங்காயம் வதங்க
அது போதவில்லை.
வெண்ணெய் எடுக்க எழுந்தாள்,
மேசையைப் பிடிக்காமலே.